டிரில் எடுத்துக் கொடுத்தவன்

மார்ட்டின் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு உப்பளம் பகுதியிலிருந்த தனிஸ்லாசின் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "தனிஸு, உன்னால ஒரு காரியம் ஆவணும்டா" என்றான்.

தனிஸ்லாஸ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனால் ஒரு காரியம் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லிக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். வலி குறைஞ்சுதா, மாத்திரை போட்டுக்கிறியா, ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மார்ட்டினும் அப்படித்தான். முதலில் வாரா வாரம் வந்தான், பிறகு மாதத்துக்கு ஒரு முறை. இப்போது பண்டிகைக்கு வருவதோடு சரி.

விழுந்தது மார்ட்டின் எடுத்த வேலையில்தான். பீச் பக்கத்தில் ஒரு சொல்தா வீடு. பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பி வந்தவர், பழைய வீட்டுக்குள் சுவர் முழுக்க அலமாரி வேண்டும் என்றார். தனிஸ்லாஸ் ஏணியின் உச்சியில் நின்று டிரில்லைப் பிடித்திருந்தான். அதன் வயர் கீழே ஏணிக் காலைச் சுற்றிக்கொண்டிருந்ததை அவனும் பார்க்கவில்லை, கீழே நின்றவர்களும் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டுவதற்காக டிரில்லை வெடுக்கென்று இழுத்தான். ஏணி வழுக்கியது. கருங்கல் படியில் வலது தோள் மோதிய சத்தத்தை அவனே கேட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. சட்டை போடலாம், சோறு பிசையலாம், குடத்தைக்கூடத் தூக்கலாம். கை தலைக்கு மேலே போனால் மட்டும் அது அவனுடைய கையாக இருக்கவில்லை. நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் தானாகக் கீழே இறங்கியது. அலமாரி மாட்டுகிறவனுக்கு வேலையே தலைக்கு மேலேதான்.

மார்ட்டினும் அவனும் ஒரே மேஸ்திரியிடம் தொழில் கற்றவர்கள். மார்ட்டினுக்குப் பேச வந்தது, தனிஸ்லாசுக்குக் கை வந்தது. அதனால் மார்ட்டின் வேலை பிடித்தான், தனிஸ்லாஸ் முடித்துக் கொடுத்தான். விசிட்டிங் கார்டில் மார்ட்டின் பெயர் மட்டும் இருந்தது. அதைப் பற்றி தனிஸ்லாஸ் ஒரு நாளும் யோசித்ததில்லை. விழுந்த பிறகுதான், படுத்துக் கிடக்கிறவனுக்கு வேறு வேலை இல்லாததால், யோசித்தான்.

"சேதராப்பட்டுல புதுசா ஒரு கம்பெனி கட்றாங்க" என்றான் மார்ட்டின். "ஆபீஸ் பக்கம் பூரா நம்ம வேலை. தடுப்பு, அலமாரி, மேல சீலிங். கரண்டு இன்னும் குடுக்கல. ஜெனரேட்டரக் கேட்டா கான்கிரீட்காரன் சண்டைக்கு வர்றான். அதான் டிரில் எல்லாத்தையும் கார்ட்லெஸ்ஸா, வயரே இல்லாம பேட்டரியில ஓடறதா வாங்கிடலாம்னு பாக்கறேன். இனிமே என் வேலையில எவனும் வயருல மாட்டிக் கீழ விழக்கூடாதுடா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் தனிஸ்லாசின் தோளைப் பார்க்காமல் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தான்.

"எது வாங்கறது, எத்தினி வோல்ட்டு, எனக்கு ஒரு எழவும் புரியல. கடைக்காரன் அவன் கிட்ட இருக்கறதத் தள்ளிவுடப் பாப்பான். நீ பாத்துச் சொல்லு. நீ கை வெச்சத நான் கண்ண மூடிக்கினு வாங்குவேன்."

"அப்புறம்?" என்றான் தனிஸ்லாஸ்.

"அப்புறம் என்னா? நீதான் கூட இருந்து பாத்துக்கணும்."

சமையல்கட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மனைவி புஷ்பமேரி அதைக் கேட்டாள். மார்ட்டின் போன பிறகு அவள் டம்ளரைக் கழுவாமல் அப்படியே வந்து நின்றாள். "கூட இருந்து பாத்துக்கணும்னாரே, கேட்டீங்களா?" என்றாள். தனிஸ்லாஸ் தலையை ஆட்டினான். அதற்கு மேல் பேசினால் கலைந்துவிடும் என்பது போல இருந்தது.

மறுநாளிலிருந்து அவன் கடைகளுக்குப் போகத் தொடங்கினான். சைக்கிள் ஓட்ட முடியாது, நடந்துதான் போனான். முகத்தை மழித்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவன் போலக் காலையிலேயே கிளம்பினான். புஷ்பமேரி சேதராப்பட்டில் மருந்து பேக் செய்யும் கம்பெனிக்குப் போகிறவள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி வண்டி வந்துவிடும். இத்தனை நாளும் அவள் கிளம்பும்போது அவன் போர்த்திக்கொண்டு கிடப்பான். இப்போது அவளுக்கு முன்னாலேயே தலை வாரிக்கொண்டு நின்றான்.

முதல் கடையில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். பளபளவென்று துளை போடும் பிட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன, விளக்கு வேறு எரிந்தது. பேட்டரி செத்துப்போனால் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டான். "அதெல்லாம் கெடைக்காதுண்ணா, பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடுங்க" என்றான் கடைப் பையன். தனிஸ்லாஸ் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வந்தான். இன்னொரு கடையில் சாமான் நன்றாக இருந்தது, ரிப்பேர் என்றால் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். வேலை நடுவில் நிற்கும்போது பம்பாயிலிருந்து எப்போது வருவது?

கடைசியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ராமலிங்கத்தின் கடைக்குப் போனான். ராமலிங்கம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வீட்டுக்கா, தொழிலுக்கா?" என்று கேட்டார்.

"தொழிலுக்கு." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான்.

ராமலிங்கம் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேடை மேல் வைத்தார். ஒன்று பன்னிரண்டு வோல்ட், கைக்கு அடக்கமானது. மற்றது பதினெட்டு வோல்ட். சுத்தியல் போல இடித்துக்கொண்டே துளைக்கிற வசதி உள்ளது, அடியில் செங்கல் மாதிரி பேட்டரி. கடைக்குப் பின்புறம் ஒரு கான்கிரீட் துண்டும் பழைய பலகையும் கிடந்தன. அங்கே சோதித்துப் பார்க்கவிட்டார்.

தனிஸ்லாஸ் அவசரப்படவில்லை. பிட்டை மாட்டி நுனியைப் பிடித்து ஆட்டினான், அதைக் கவ்வுகிற சக்கில் ஆட்டம் இருக்கிறதா என்று. கழுத்திலிருந்த வளையத்தைத் திருப்பித் திருப்பி ஸ்குரூ ஏற்றினான். ஸ்குரூவின் தலை பலகையோடு சமமாக உட்கார்ந்ததும் டிரில் தானாக வழுக்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிளைவுட்டைப் பொத்துவிடும். துளை போட்டுவிட்டுப் பேட்டரியைக் கழற்றிக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தான். ஒன்று ஓடும்போது இன்னொன்று சார்ஜில் இருக்க வேண்டும், ஒரு டிரில்லின் பேட்டரி மற்றதில் பொருந்த வேண்டும், அதனால் எல்லாம் ஒரே கம்பெனியாக இருப்பதே நல்லது என்று தனக்குள் கணக்குப் போட்டான். ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டான்.

"சார்ஜர் அடி வாங்கும்" என்றார் ராமலிங்கம். "ஸ்டெபிலைசர் ஒண்ணு நடுவுல போட்டுக்கங்க. இதுவரைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டு யாரும் வாங்கல மேஸ்திரி. பொட்டி கலரப் பாத்துத்தான் வாங்கறாங்க."

மேஸ்திரி என்று கேட்டதும் தனிஸ்லாசுக்குக் கண்ணில் நீர் வரப் பார்த்தது. துளையிலிருந்து பறந்த தூசியைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டான்.

அந்த வாரம் ஒரு நாள் புஷ்பமேரிக்கு லீவு வந்தது. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற நாளும் அதுதான். இருவரும் பஸ்ஸில் போய்விட்டுத் திரும்பும் வழியில் ராமலிங்கத்தின் கடையில் இறங்கினார்கள். கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்றான் தனிஸ்லாஸ். அது வரை எல்லாவற்றையும் இடுப்பு உயரத்தில் வைத்தே சோதித்திருந்தான். சோதிக்க வேண்டிய ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தான்.

பின்புறச் சுவரில் தலைக்கு மேலே ஒரு மரச்சட்டம் இருந்தது. சின்ன டிரில்லை எடுத்துக் கையை உயர்த்தினான். தோளில் சுருக்கென்றது. நெற்றி வேர்த்தது. ஆனால் கை நின்றது. ஸ்குரூ நேராக ஏறியது. புஷ்பமேரி மூச்சை விட்டாள். அவனும் அவளைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

பிறகு பெரியதை எடுத்தான். கண் மட்டம் வரை கை போனது. அதற்கு மேல் கனம் இறங்கியது. இடது கையை முட்டுக் கொடுத்தான். பிட் மரத்தில் நிற்காமல் கோணலாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு போனது. கை முழுவதும் உதறியது. ராமலிங்கம் அந்தப் பக்கம் திரும்பி, ஒரு வேலையும் இல்லாமல் அட்டைப் பெட்டிகளை நகர்த்தினார்.

"சின்னதே நல்லாத்தான இருக்கு" என்றாள் புஷ்பமேரி, கடைக்காரருக்கும் கேட்கும்படி.

தெருவுக்கு வந்ததும் அவள் குரல் மாறியது. "சின்னதையே சொல்லுங்க. மார்ட்டின் அண்ணன் நீங்க சொல்றதத்தான வாங்கும்?"

"அது கான்கிரீட்ல ஏறாது மேரி."

"ஏறுற வரைக்கும் ஏறட்டும். உங்க கைக்கு ஏறுதா இல்லையா, அதச் சொல்லுங்க."

"மார்ட்டின் கிட்ட வேல செய்யற பசங்க நாள் பூரா அழுத்திக்கினு நிப்பானுங்க. பிட்டு ஏறலைன்னா ஒடம்ப பூரா அது மேல போட்டு அழுத்துவானுங்க. ஏணி மேல நின்னுக்கினு அப்டி அழுத்தினா என்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா?"

"பசங்க, பசங்க. அந்தப் பசங்க ஒருத்தனாவது இந்தப் பக்கம் எட்டிப் பாத்தானா?" அவள் நடையை நிறுத்தினாள். "அவங்க கையில பெருசக் குடுத்துட்டு நீங்க என்னா பண்ணுவீங்க?"

"என்னைய டிரில் பிடிக்கவா கூப்ட்றான்? கூட இருந்து பாத்துக்கன்னுதான சொன்னான். அளவெடுக்கலாம், கோடு போட்டுக் குடுக்கலாம். பேட்டரி, சார்ஜர் எல்லாத்தையும் பாத்துக்க ஒரு ஆள் வேணாமா?"

அவள் வீடு வரைக்கும் இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

அன்று மாலை தனிஸ்லாஸ் வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தான். மார்ட்டினிடம் சின்னதே போதும் என்று சொன்னால் அவன் மறு பேச்சுப் பேசமாட்டான். தானும் ஏணியில் ஏறலாம். பழையபடி காதில் பென்சிலைச் செருகிக்கொள்ளலாம். அந்த நினைப்பு அவ்வளவு இனிப்பாக இருந்தது. ஆனால் அதற்குள்ளேயே வேறொன்றும் தெரிந்தது. மார்ட்டினின் ஆட்களில் வெற்றிவேலோ வேறொருவனோ ஏணியின் மேல் படியில் நின்று, கான்கிரீட்டில் ஏறாத பிட்டை நெஞ்சால் தள்ளிக்கொண்டிருப்பதும், ஏணி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்வதும். கருங்கல்லில் தோள் மோதுகிற அந்தச் சத்தம் வேறொருவன் உடம்பிலிருந்து வருவதை அவனால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

மார்ட்டினுக்குப் போன் போட்டான். "பதினெட்டு வோல்ட்டே எடுத்துடு. ஒவ்வொண்ணுக்கும் கூட ஒரு பேட்டரி. எல்லாம் ஒரே கம்பெனி."

"சரிடா" என்றான் மார்ட்டின். அந்தக் கனத்தை உன் கை தாங்குமா என்று அவன் கேட்கவில்லை. கேட்பான் என்று தனிஸ்லாஸ் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

வாங்குகிற அன்று தனிஸ்லாஸ்தான் ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பார்த்து ஒதுக்கினான். ஒன்றில் சக் ஆடியது, மாற்றிக் கொடுக்கச் சொன்னான். வெற்றிவேலும் மற்ற ஆட்களும் புதுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏற்றினார்கள். "சூப்பர் சாமான் எடுத்திருக்கீங்கண்ணே" என்றான் வெற்றிவேல். தனிஸ்லாஸ் அவன் முதுகில் தட்டினான்.

வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் மார்ட்டின் தன் பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தான். சாமான்களை மேசை மேல் பரப்பி, ஒரு ஜெபம் சொல்லி, லட்டு கொடுத்தார்கள். தனிஸ்லாஸ் தேய்த்த சட்டையோடு போயிருந்தான். மேல் பையில் பென்சில் இருந்தது. புஷ்பமேரி எடுத்துக் கொடுத்த பென்சில் அல்ல. அவனே தேடி எடுத்துச் சீவி வைத்துக்கொண்டது.

"இதெல்லாம் நம்ம தனிஸ் அலைஞ்சு திரிஞ்சு எடுத்துக் குடுத்தது" என்று மார்ட்டின் தோளை அணைத்துக்கொண்டான், நல்ல தோளை. "அவனுக்கு நம்ம எல்லாரும் சேந்து மெர்சி சொல்லணும், பெரிய நன்றி." பிறகு வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். "இது உனக்கு. பிரிடா."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனிஸ்லாஸ் பிரித்தான். உள்ளே ஒரு குட்டி கார்ட்லெஸ் இருந்தது. ராமலிங்கத்தின் கடையில் கல்யாணப் பரிசுகளோடு சேர்த்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிற வகை. பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அந்த அளவுக்கு இங்கிலீஷ் அவனுக்குத் தெரியும்.

"வீட்ல ஆணி, ஸ்குரூ, படம் மாட்றதுன்னா ஆவும்" என்றான் மார்ட்டின். "கனமே இல்ல. உன் கைக்குன்னே பாத்து வாங்கினேன்."

கை தட்டினார்கள். தனிஸ்லாசும் சிரித்தான். கையில் லட்டு இருந்ததால் பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

"நாளையிலேர்ந்து சேதராப்பட்டுல ஜெர்லின் வீட்டுக்காரரு நின்னு பாத்துப்பாரு" என்று மார்ட்டின் தன் மருமகனை முன்னால் தள்ளினான். ஐ.டி.ஐ. முடித்தவன், அது வரை ஒரு செல்போன் கடையில் இருந்தவன். "மாப்ள, பேட்டரி, சார்ஜர் விஷயம்லாம் தனிஸ் மாமாகிட்ட இப்பவே கேட்டுக்கங்க."

தனிஸ்லாஸ் சொல்லிக் கொடுத்தான். வேறு என்ன செய்வது? பேட்டரியை முழுக்கத் தீரவிடாமல் சார்ஜில் போட வேண்டும், சூட்டோடு போடக்கூடாது, ஸ்டெபிலைசர் இல்லாமல் ஜெனரேட்டரில் சொருகவே கூடாது. மருமகன் ஒவ்வொன்றுக்கும் "சரி மாமா" என்றான். நல்ல பையன். அதனால் அவன் மேல் கோபப்படவும் வழி இல்லாமல் போனது.

வீட்டுக்கு வந்து பெட்டியை மேசை மேல் வைத்தான். புஷ்பமேரி பெட்டியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னேன்ல?" என்றாள். "நீங்களே கதவ இழுத்துப் பூட்டிட்டுச் சாவிய அந்தாளு கையில குடுத்துட்டு வந்துட்டீங்க. ஊர்ல இருக்கறவன் பிள்ள விழக்கூடாது. நான் மட்டும் விடியக்காலையில வண்டி ஏறி மாத்திரைய எண்ணிக்கினு சாகணும்."

"மேரி..."

"பேசாதீங்க. நல்லவரு நீங்க. நல்லவருக்கு வாக்கப்பட்டா இப்டித்தான்."

அவள் அழுதிருந்தால் அவனுக்குத் தாங்கியிருக்கும். அவள் அழவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

ஆனாலும் அவளேதான் அடுத்த வாரம் பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள், கொசுவலைச் சட்டம், துணி காயப்போடும் கொடி, எது என்றாலும் எங்க வீட்டுக்காரரு செய்வாரு என்றாள். ஒன்றிரண்டு பேர் கூப்பிட்டார்கள். தனிஸ்லாஸ் அந்தக் குட்டியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனான். மரத்தில் அது ஒழுங்காகவே ஓடியது. சுவர் என்றால் சுத்தியலும் உளியும் வைத்துப் பொத்தல் போட்டான். நாலைந்து ஸ்குரூ ஏறியதும் டிரில்லுக்கு மூச்சு வாங்கும். பேட்டரி உள்ளேயே இருப்பதால் மாற்றவும் முடியாது. வீட்டுக்காரர்களின் பிளக்கில் சொருகிவிட்டு, அவர்கள் கொடுக்கிற காப்பியைக் குடித்துக்கொண்டு, சிவப்பு விளக்குப் பச்சையாகும் வரை உட்கார்ந்திருப்பான். என்ன பேசுவதென்று அவர்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. டி.வி. பார்ப்பான்.

சந்திரகலா கூப்பிட்டது அப்படி ஒரு வேலைக்குத்தான். அரசாங்க ஆபீசில் வேலை செய்கிறவள், உப்பளத்திலேயே புது பிளாட் வாங்கியிருந்தாள். ஹாலில் திரைச்சீலைக்குக் கம்பி மாட்ட வேண்டும். ஜன்னலுக்கு மேலே பீம், முழுக்கக் கான்கிரீட். தனிஸ்லாஸ் ஸ்டூல் மேல் ஏறி, இடது கையில் சுத்தியலைப் பிடித்து உளியைத் தட்டிக்கொண்டிருந்தான். பொடிப்பொடியாக உதிர்ந்ததே தவிரப் பொத்தல் விழவில்லை. பூச்சு மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. சந்திரகலா புதுப் பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது சமையலறை அலமாரி மாட்டுவதற்கு ஆட்கள் வந்தார்கள். அந்த வேலையை அவள் மார்ட்டினிடம் கொடுத்திருந்தது தனிஸ்லாசுக்குத் தெரியாது. முன்னால் வந்தவன் வெற்றிவேல். கையில் பதினெட்டு வோல்ட்.

"அண்ணே" என்றான். ஸ்டூலையும் உதிர்ந்து கிடந்த காரையையும் பார்த்துவிட்டு, "எறங்குங்கண்ணே. நான் அடிச்சுக் குடுக்கறேன்" என்றான்.

"வேணாம்பா. ஆயிடுச்சு."

"அட, எறங்குங்கண்ணே."

தனிஸ்லாஸ் இறங்கினான். வெற்றிவேல் ஏறி, டிரில்லை ஒற்றைக் கையில் தூக்கி அழுத்தினான். தடதடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூச்சு விடுவதற்குள் துளைகள் தயாராக இருந்தன. அழுத்தம் இல்லாமல், உடம்பு ஆடாமல், ஸ்டூல் அசையாமல். தான் எதற்காக அதை எடுத்துக் கொடுத்தானோ, அது அப்படியே நடந்தது. அதில் சந்தோஷப்பட வேண்டும் என்று தனிஸ்லாசுக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை.

"அடேங்கப்பா" என்றாள் சந்திரகலா. "தம்பி, பெட்ரூம்லயும் ரெண்டு ஜன்னல் இருக்கு. அப்டியே அதையும் பாத்துடுறீங்களா?" பிறகுதான் தனிஸ்லாசின் நினைவு வந்து, "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. கை வலியோட எதுக்கு உங்களுக்கு?" என்றாள். மனசார இரக்கப்பட்டுத்தான் சொன்னாள்.

அவன் உளியையும் குட்டி டிரில்லையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கீழே சிதறிக் கிடந்த காரையைத் துடைப்பம் கேட்டு வாங்கிப் பெருக்கிவிட்டு வெளியே வந்தான்.

நேராக மார்ட்டினின் பட்டறைக்குப் போனான். மார்ட்டின் பிளைவுட் வண்டியிலிருந்து இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கூட இருந்து பாத்துக்கணும்னு சொன்னியே, எதச் சொன்ன?" என்றான் தனிஸ்லாஸ்.

மார்ட்டினுக்குப் புரிய நேரம் பிடித்தது. "அது... வாங்கும்போது கூட இருன்னு சொன்னேன். நீ என்னா நெனச்ச?"

"நான் என்னா நெனச்சேன்னு உனக்குத் தெரியாதா?"

மார்ட்டின் வண்டிக்காரனைப் போகச் சொல்லிவிட்டு அவனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். "இத பாருடா தனிஸு. உன்ன ஏணியில ஏத்தற தைரியம் எனக்கு இல்ல. நீ விழுந்தப்ப உன்னத் தூக்கினவன் நான். அந்த நெனப்பு இன்னும் போவல."

"ஏணி வேணாம். கீழ நிக்கறேன். உன் மாப்ள நிக்கற எடத்துல."

"ஜெர்லினுக்கு நான் ஒண்ணும் பண்ணலைன்னு வீட்ல பெரிய ரகளைடா." சொன்னதும் அவன் குரல் தணிந்தது. தணிந்ததும் எரிச்சல் வந்தது. "கார்ட்லெஸ்லயே சின்னது பெருசுன்னு ரெண்டு ரகம் இருக்கு. எனக்கா தெரியும்? பெருசுதான்னு நீதான எடுத்துக் குடுத்த? உன்னால தூக்க முடியாதுன்னு உனக்கே தெரியும்ல? அப்ப வேலைக்கு வர்ற எண்ணம் உனக்கு இல்லன்னுதான நான் நெனப்பேன்?"

தனிஸ்லாஸ் அந்த ஏணியைப் பற்றியும், கான்கிரீட்டில் ஏறாத பிட்டைப் பற்றியும், நெஞ்சால் தள்ளுகிற பையனைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். சொன்னால் மார்ட்டின் உருகிப்போவான், கண் கலங்குவான், கட்டிப் பிடித்துக்கொள்வான். பிறகு இன்னொரு பெட்டி வாங்கி வருவான்.

"ஆமா, நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

குட்டி டிரில்லைப் பிறகு அவன் தொடவில்லை. புஷ்பமேரி அதைக் கம்பெனியில் ஒருத்திக்கு, அவள் மகள் புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாகக் கொடுக்க, பாதி விலைக்குக் கொடுத்துவிட்டாள். பெட்டி புதுசு போலவே இருந்தது.

ராமலிங்கம்தான் ஆள் அனுப்பினார். கடையில் கேட்கிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், மேஸ்திரி வந்து நின்றால் தேவலை என்றார். புஷ்பமேரி போகச் சொன்னாள். அவன் போனான். நாள் முழுக்கக் கண்ணாடி மேடைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களிடம் வீட்டுக்கா, தொழிலுக்கா என்று கேட்டான். பெட்டிகளை இடது கையால் இறக்கினான். இளவட்ட ஃபிட்டர்கள் கனத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரிப்பார்கள், தலைக்கு மேலே உயர்த்திச் சுழற்றிக் காட்டுவார்கள். எதில் ஆட்டம் இருக்கிறது, எதில் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும் என்று அவன் உள்ளது உள்ளபடி சொன்னான். வியாபாரம் கூடியது. ராமலிங்கத்துக்கு மகிழ்ச்சி. மாலையில் தோள் வலித்தது. வேலை செய்து வந்த வலி அல்ல, வெறுமனே நின்று வந்த வலி.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் மார்ட்டின் கடைக்குள் வந்தான். கையில் ஒரு பை நிறையச் செத்த பேட்டரிகள். ஸ்டெபிலைசர் இல்லாமல் ஜெனரேட்டரில் போட்டிருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ராமலிங்கம் சாப்பிடப் போயிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"வாங்க" என்றான் தனிஸ்லாஸ். "என்னா வேணும்?"

மார்ட்டின் சிரிக்கப் பார்த்தான். "என்னாடா இது, வாங்கங்கற?"

தனிஸ்லாஸ் பையை வாங்கிப் பேட்டரிகளை மேடை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "இதெல்லாம் ஓவர் சார்ஜ் ஆனது. வாரண்டியில வராது. புதுசு வேணும்னா எடுத்துத் தரேன். உங்களுக்கு எத்தினி வேணும், சொல்லுங்க."

"தனிஸு..."

"சொல்லுங்க."

மார்ட்டின் வேண்டியதைச் சொன்னான். தனிஸ்லாஸ் ஏணியை இழுத்துப் போட்டு, மேல் தட்டிலிருந்து எடுப்பதற்காக ஒரு படி ஏறினான். "இருடா, நான் ஏறி எடுக்கறேன்" என்று மார்ட்டின் பதறிக்கொண்டு வந்தான்.

"நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க" என்றான் தனிஸ்லாஸ். "இந்தப் பக்கம் கஸ்டமரு வரக்கூடாது."